குரல் காணாமல் போன சாட்சி வீடியோ: ஓர் ஆராதனை அரங்கின் நிகழ்வு ஆய்வு

நடந்தது

ஞாயிறு காலை முதல் ஆராதனை. பாடல்கள் முடிந்து, பிரசங்கத்துக்கு முன்னால் 3 நிமிடம் 40 வினாடி ஓடும் சாட்சி வீடியோ ஒன்று திரைக்கு வந்தது. நீண்ட நோயிலிருந்து எழுந்து வந்த ஒரு சகோதரி தன் அனுபவத்தைச் சொல்கிறார். பின்னணியில் மெல்லிய கீபோர்டு, திரையின் அடியில் அவர் பேசுவதன் எழுத்து வடிவம். எடிட் செய்த கணினியில் ஹெட்ஃபோனிலும் சிறிய ஸ்பீக்கரிலும் பலமுறை கேட்டுச் சரிபார்த்த வீடியோதான் அது.

அரங்கில் இசை மட்டும் வந்தது. சகோதரியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல், வெறும் எதிரொலியாகக் கேட்டது. சவுண்டில் இருந்தவர் மிக்ஸரில் வீடியோ சேனலின் ஃபேடரை, அதாவது ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நழுவு பிடியை, ஏற்றினார். ஏறியது இசைதான், கூடவே ஒரு 'ஹம்' இரைச்சலும். "பிரதர், மியூசிக் வருது, வாய்ஸ் வரல" என்று மீடியா மேசைக்குத் தகவல் போனது. நடுவில் ஒரு முக்கியமான வாக்கியத்தில் வாயசைவும் பேச்சும் விலகித் தெரிந்தன. முகம் இருட்டடித்திருந்தது. எழுத்தின் கீழ்வரி முன்வரிசைக்காரர்களின் தலைகளுக்குப் பின்னால் மறைந்தது. வீடியோ முடிந்த கணத்தில் லேப்டாப்பின் டெஸ்க்டாப் திரை முழுக்க விரிந்தது. அதன் மேல்தான் போதகர் ஜெபத்தைத் தொடங்க வேண்டியிருந்தது.

அடுத்த ஆராதனைக்கு இடையில் ஒன்றரை மணி நேரம் இருந்தது. மீடியா குழு எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் குரலை 6 டெசிபல் ஏற்றி, புதிதாக எக்ஸ்போர்ட் செய்து ஓட்டியது. குரல் துளியும் தெளியவில்லை. எடிட்டிங்கில் இருக்கும் பிழை என்றால் இது பலித்திருக்க வேண்டும். பலிக்கவில்லை என்பதே முதல் துப்பு.

அரங்கின் அளவுகளையும் சொல்லிவிடலாம், பின்னால் வரும் கணக்குகளுக்குத் தேவைப்படும். திரை 4 மீட்டர் அகலம், 2.25 மீட்டர் உயரம். கடைசி வரிசை திரையிலிருந்து 24 மீட்டர். ப்ரொஜெக்டரின் மேல் எழுதியிருக்கும் ஒளி அளவு 5000 லூமென். ஸ்பீக்கர்கள் மேடையின் இருபுறமும், ஆனால் இரண்டிலும் ஓடுவது இடம்வலம் பிரியாத ஒரே மோனோ ஒலி. வீடியோவின் ஒலி லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒற்றைக் கேபிளில் மிக்ஸருக்குப் போகிறது.

கேபிளின் முனையில் இரண்டு கறுப்பு வளையம்

வாரநாளில் ஆளில்லாத அரங்கில் முதலில் செய்தது, எந்த எடிட்டிங் மென்பொருளிலும் ஐந்து நிமிடத்தில் செய்துவிடக்கூடிய ஒரு சோதனைக் கோப்பு. ஒரே பேச்சுத் துண்டை 10 வினாடி இடது சேனலில் மட்டும், அடுத்த 10 வினாடி வலதில் மட்டும், அடுத்த 10 வினாடி இரண்டிலும் சமமாக, கடைசி 10 வினாடி இரண்டிலும் ஆனால் வலது சேனலின் அலையைத் தலைகீழாகப் புரட்டி வைக்க வேண்டும். ஒழுங்கான மோனோ இணைப்பில் முதல் இரண்டும் கேட்கும், மூன்றாவது இன்னும் உரக்கக் கேட்கும், நான்காவதில் அமைதி. இந்த அரங்கில் நடந்தது நேர்மாறு. முதல் இரண்டும் கேட்டன, மூன்றாவதில் அமைதி, நான்காவது உரக்க ஒலித்தது.

இப்படி வந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. மிக்ஸர் இடதையும் வலதையும் கூட்டவில்லை, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறது.

காரணம் கேபிளின் தடித்த முனையில் கண்ணுக்கே தெரிகிறது. 6.35 மில்லிமீட்டர் பிளக்கின் உலோகத் தண்டில் இரண்டு கறுப்பு வளையங்கள் இருந்தால் அதில் மூன்று தொடுபகுதிகள் உண்டு: நுனி, நடு வளையம், அடித்தண்டு. ஹெட்ஃபோன் வழக்கில் நுனி இடது சேனல், நடு வளையம் வலது, அடித்தண்டு பொதுத் தரை. மிக்ஸரின் பேலன்ஸ்டு லைன் இன்புட் அதே பிளக்கை வேறு விதமாகப் படிக்கிறது. அதற்கு நுனியில் வருவது சிக்னல், நடு வளையத்தில் வருவது அதே சிக்னலின் தலைகீழ் நகல். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டிலும் பொதுவாக இருப்பதை வழியில் ஏறிய இரைச்சல் என்று தள்ளிவிடும். நீளமான மைக் கேபிள்களில் இரைச்சல் ஏறாமல் காப்பது இந்த ஏற்பாடுதான். ஸ்டீரியோ ஹெட்ஃபோன் சிக்னலை அதில் செருகினால், இரு சேனல்களிலும் ஒரே மாதிரி இருக்கும் அனைத்தும் இரைச்சல் கணக்கில் போய்விடும். சாட்சி வீடியோவில் பேசுபவரின் குரல் எப்போதும் நடுவில், அதாவது இரு சேனல்களிலும் ஒரே அளவில்தான் வைக்கப்படும். அதனால் காணாமல் போனது குரல். கீபோர்டு இசை இடம்வலமாக விரித்துப் பதிவானது என்பதால் தப்பியது, அதிலும் நடுவில் இருந்த பாஸ் போய் மெலிந்துதான் வந்தது. குரலுக்கு எடிட்டர் கொஞ்சம் ஸ்டீரியோ ரிவெர்ப், அதாவது செயற்கை எதிரொலி, போட்டிருந்தார். அந்த ரிவெர்ப் இரு சேனல்களிலும் வெவ்வேறாக இருக்கும், ஆகவே அது மட்டும் மிஞ்சியது. கிணற்றுக்குள்ளிருந்து கேட்ட குரல் அதுதான்.

குரலை 6 டெசிபல் ஏற்றியது ஏன் பலிக்கவில்லை என்பதும் இதிலேயே விளங்கும். 1-லிருந்து 1-ஐக் கழித்தாலும் 2-லிருந்து 2-ஐக் கழித்தாலும் பூஜ்யம்தான்.

அப்படியானால் அதே கேபிளில் முன்பெல்லாம் வீடியோக்கள் எப்படி ஓடின? பழைய கோப்புகளைத் திறந்து அலைவடிவங்களைப் பார்த்தபோது பதில் கிடைத்தது. அவற்றில் பேச்சு இடது சேனலில் மட்டும் இருந்தது, வலது சேனல் நேர்க்கோடு. ரெக்கார்டரின் இடது துளையில் ஒற்றை மைக்கைச் செருகிப் பதிந்து, அப்படியே டைம்லைனில் போட்டிருக்கிறார்கள். ஹெட்ஃபோனில் ஒரு காதில் மட்டும் கேட்டிருக்கும். அரங்கில் இடதிலிருந்து ஒன்றுமில்லாததைக் கழித்தால் இடது முழுதாக மிஞ்சும், ஆகவே யாரும் கவனிக்கவில்லை. இந்த முறை எடிட்டர் இடது சேனலை இரண்டிலும் நிரப்பி, குரலை நடுவுக்குக் கொண்டுவந்தார். அவர் செய்ததுதான் முறை. கேபிளில் வருடக்கணக்காகப் படுத்திருந்த பிழை அன்று எழுந்தது. இதை இத்தனை விரிவாக எழுதக் காரணம் உண்டு. இப்படிப்பட்ட நேரத்தில் பழி எப்போதும் கடைசியாகக் கை வைத்தவர் மேல் விழுகிறது. அந்த ஞாயிறும் விழுந்தது. அந்த எடிட்டர் தவறு செய்யவில்லை.

தீர்வு மூன்று விதத்தில் முடியும். ஒரு பக்கம் ஸ்டீரியோ பிளக், மறுபக்கம் ஒற்றைக் கறுப்பு வளையம் மட்டும் உள்ள இரண்டு மோனோ பிளக்குகள் எனப் பிரியும் ஒய் கேபிளை வாங்கி, இரண்டையும் தனித்தனிச் சேனல்களில் செருகலாம். ஆகக் குறைந்த செலவு இதுதான், ஆனால் கேபிள் நீளம் 3 மீட்டரைத் தாண்டினால் இரைச்சல் ஏறும். இரண்டாவது, டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஸ்டீரியோ டிஐ பாக்ஸ், அதாவது சாதாரண சிக்னலைப் பேலன்ஸ்டு சிக்னலாக மாற்றும் சிறு பெட்டி. லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்து, அங்கிருந்து இரண்டு மைக் கேபிள்களை, மைக்குகளை மிக்ஸரோடு இணைக்கும் மேடைப் பெட்டிக்கு இழுத்துவிடலாம். லேப்டாப் சார்ஜரின் தரை இணைப்பும் மிக்ஸரின் தரை இணைப்பும் சேர்ந்து உருவாக்கும் தரைச்சுற்று 'ஹம்'மையும் டிரான்ஸ்ஃபார்மர் வெட்டிவிடும். மூன்றாவது, பேலன்ஸ்டு அவுட்புட் உள்ள யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ். இந்தச் சபை டிஐ பாக்ஸைத் தேர்ந்தது. குரல் திரும்பியது, 'ஹம்'மும் போனது.

பக்கத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பிளக் முழுதாக உள்ளே போகாமல் அரைகுறையாக நின்றாலும், கேபிளுக்குள் தரைக் கம்பி அறுந்திருந்தாலும் இதே அறிகுறி வரும். கேபிளை அசைக்கும்போது குரல் வந்து வந்து போனால் பழி அறுந்த கம்பி மேல். அசைவில்லாமல் ஒரே சீராகக் காணாமல் போனால் இணைப்பு முறை மேல்.

இசை எவ்வளவு கீழே இருக்க வேண்டும்

குரல் திரும்பிய பிறகும் பின்வரிசையில் சொற்கள் தெளியவில்லை. கை தட்டினால் ஒலி அடங்க ஏறக்குறைய 2 வினாடி எடுக்கும் அரங்கு அது. பாடலுக்கு அந்த முழக்கம் நல்லது, பேச்சுக்கு ஆகாது. எடிட்டர் இசையைக் குரலுக்கு 10 டெசிபல் கீழே வைத்திருந்தார். ஹெட்ஃபோனில் அது இதமாக இருக்கும். அரங்கிலோ இசையின் ஒவ்வொரு சுரமும் 2 வினாடி நின்று, அடுத்தடுத்த மெய்யெழுத்துகளை மூடுகிறது. பேச்சின் தெளிவு க், ச், ட், த், ப் முதலிய வல்லின ஒலிகளில்தான் இருக்கிறது, அவைதான் முதலில் அமிழும்.

இணைய அணுகலுக்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டி தன் உயர்நிலைத் தேவையாக, பின்னணி ஒலி பேச்சைவிடக் குறைந்தது 20 டெசிபல் கீழே இருக்கட்டும் என்கிறது. முழக்கமுள்ள அரங்குக்கு அது கச்சிதமான தொடக்கப்புள்ளி. இங்கே மாற்றியவை: இசை 20 டெசிபல் கீழே, இசைத் தடத்தில் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகள் மட்டும் 4 டெசிபல் குறைப்பு, குரலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, குரலின் ரிவெர்ப் முழுதாக நீக்கம். ரிவெர்பை அரங்கே தாராளமாகத் தருகிறது.

ஒலி அளவில் எந்த எண்ணைத் தேர்கிறோம் என்பதில் பெரிய சூட்சுமம் இல்லை. ஐரோப்பிய ஒளிபரப்புக்கான ஆர்128 தரம் மைனஸ் 23 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பின் அலகு) கேட்கிறது, இணையத் தளங்கள் பலவும் மைனஸ் 14-ஐ ஒட்டிப் போகின்றன. அரங்கில் ஓடும் எல்லா வீடியோக்களும் ஒரே எண்ணில் இருந்தால் போதும். இந்தக் குழு மைனஸ் 18-ஐயும் உச்சம் மைனஸ் 1-ஐயும் எடுத்துக்கொண்டது. போதகரின் மைக்குக்கு இணையாகக் கேட்கும் இடத்தில் மிக்ஸர் ஃபேடருக்குப் பக்கத்தில் ஒரு டேப் ஒட்டினார்கள். இனி எந்த வீடியோ வந்தாலும் ஃபேடர் அந்த டேப்புக்கு வரும், அவ்வளவுதான்.

இடையில் மட்டும் விலகிய வாயசைவு

வீடியோ சரியாகத் தொடங்கி, 2:10-இல் ஒரு வாக்கியம் விலகி, பிறகு மீண்டும் சரியானது. இப்படி வருவதைத்தான் எடிட்டர்கள் மர்மம் என்று விட்டுவிடுகிறார்கள். படச்சுருளை அதன் மூலத்திலிருந்து பார்த்தால் மர்மம் இல்லை.

பேட்டி ஒரே ஓட்டமாக 38 நிமிடம், ஃபோனில் படம், தனி ரெக்கார்டரில் ஒலி. எடிட்டர் தொடக்கக் கைதட்டலை வைத்து இரண்டையும் பொருத்திவிட்டு வெட்டத் தொடங்கினார். வீடியோவின் 2:10-இல் வரும் வாக்கியம் மூலப் பதிவில் 31-வது நிமிடத்தில் பேசப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள துண்டுகள் முதல் 6 நிமிடத்துக்குள் பேசியவை. விலகல் மூலப் பதிவின் நீளத்தோடு வளர்ந்திருக்கிறது: 4-வது நிமிடத்தில் 1 ஃபிரேம் (வீடியோவின் ஒரு தனிப்படம்), 31-வது நிமிடத்தில் 8 ஃபிரேம், அதாவது வினாடிக்கு 30 ஃபிரேம் கணக்கில் சுமார் 267 மில்லிவினாடி.

இரண்டு கருவிகளின் கடிகாரங்கள் வேறுபடுவதால் மட்டும் இவ்வளவு வராது. பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு என்றாலும் 31 நிமிடத்தில் 93 மில்லிவினாடிதான். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஃபோன் கோப்பைத் திறந்தால், ஃபிரேம் ரேட் மோடு என்ற வரியில் 'வேரியபிள்', அதாவது மாறும் வேகம், என்று இருந்தது. ஃபோன்கள் வெளிச்சத்துக்கும் செயலியின் சுமைக்கும் ஏற்ப ஃபிரேம்களின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கின்றன. பேருக்கு 30, உள்ளே 29.9-உம் 30.1-உம் மாறி மாறி. டைம்லைன் அதைச் சீரான 30 என்று வைத்துக்கொண்டால் படம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும்.

மருந்து எளிது. எடிட்டிங் மென்பொருளுக்குள் கொண்டுவரும் முன் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் கோப்பைப் போட்டு, 30 எனத் தேர்ந்து, 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' என்பதை அழுத்தி மாற்றி எடுக்க வேண்டும். தரம் குறையாதிருக்க, அங்கே தரத்தைக் குறிக்கும் ஆர்எஃப் எண் 16 முதல் 18 வரை போதும். பேட்டி எடுக்கும்போதே 10 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தொடங்கி, ஒவ்வொரு ஓட்டத்தின் முதலிலும் கடைசியிலும் கை தட்டினால் விலகலை அளக்கவும் வழி இருக்கும். கடைசிக் கைதட்டல் பொருந்தினால் இடையில் உள்ள அனைத்தும் பெரும்பாலும் பொருந்தும்.

இது கோப்பின் கதை. அரங்குக்கு இன்னொரு தாமதம் உண்டு, அது வளராது, தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே அளவாக நிற்கும். லேப்டாப் திரையும் ப்ரொஜெக்டர் திரையும் ஒன்றாகத் தெரியும்படி நின்று, வெள்ளை மின்னல் ஒன்று உள்ள கிளிப்பை ஓட்டி, ஃபோனில் வினாடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் படம் பிடித்தார்கள். லேப்டாப்பில் மின்னல் வந்து 19 ஃபிரேம் கழித்துத்தான் திரையில் வந்தது. ஒரு ஃபிரேம் 4.17 மில்லிவினாடி, ஆக ஏறக்குறைய 80 மில்லிவினாடி. சிக்னல் ஸ்ப்ளிட்டரும் ப்ரொஜெக்டரின் உள்பதப்படுத்தலும் சேர்ந்து தின்ற நேரம் அது. ஒலிக்கு அந்தத் தாமதம் இல்லை, ஆகவே பேச்சு படத்துக்கு முந்துகிறது. முந்தும் ஒலியை மனிதக் காது பொறுக்காது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஐடியூ-ஆர் பிடி.1359 பரிந்துரையின்படி ஒலி 45 மில்லிவினாடி முந்தினாலே கண்டுபிடித்துவிடுவார்கள், பிந்தினால் 125 வரை கவனிக்கமாட்டார்கள். இடி மின்னலுக்குப் பின்னால் வருவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம், மின்னலுக்கு முன் இடி வந்தால் திடுக்கிடுவோம்.

ஒலி வினாடிக்கு 343 மீட்டர் போகிறது. 5 மீட்டரில் இருக்கும் முன்வரிசைக்கு 15 மில்லிவினாடியில் சேரும், 24 மீட்டரில் இருக்கும் கடைசி வரிசைக்கு 70. முன்வரிசையில் பேச்சு 65 மில்லிவினாடி முந்தியது, பின்வரிசையில் 10 மட்டுமே. பின்வரிசையில் இருந்தவர்களுக்குப் பிரச்சினை புரியாமல் போனது இதனால்தான். டிஜிட்டல் மிக்ஸரில் வீடியோ சேனலுக்கு மட்டும் 60 மில்லிவினாடி டிலே வைத்ததும் முன்வரிசையில் 5 முந்தியும் பின்வரிசையில் 50 பிந்தியும் வந்தது, இரண்டும் எல்லைக்குள். போதகரின் மைக்கிலோ பாடகர்களின் மைக்கிலோ இந்த டிலேயைப் போட்டுவிடக் கூடாது, அவர்களுக்குத் தங்கள் குரலே இடறும்.

இருட்டடித்த முகம்

ப்ரொஜெக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது. திரையின் மிகக் கறுப்பான இடம், விளக்குகள் அந்தத் திரையில் கொட்டும் வெளிச்சத்தின் அளவுக்கு வெளுத்துத்தான் இருக்கும். 5000 லூமெனைத் திரையின் 9 சதுர மீட்டரால் வகுத்தால் 555 லக்ஸ், அதாவது ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளி. ப்ரொஜெக்டரை அணைத்துவிட்டு லக்ஸ் மீட்டரைத் திரைமேல் வைத்தபோது, ஆராதனை நேர விளக்குகளில் 50 லக்ஸ். ஆக வெள்ளைக்கும் கறுப்புக்கும் விகிதம் 605-க்கு 50, அதாவது 12:1. ப்ரொஜெக்டர் விளக்கின் வயதைச் சேர்த்தால் இன்னும் குறையும். ஒலி-ஒளித் துறை அமைப்பான இன்ஃபோகாம் 2011-இல் வெளியிட்ட திரை மாறுபாட்டுத் தரம், சாதாரண எழுத்துச் சட்டகங்களைப் படிக்கவே 7:1 முதல் 15:1 வரையும் முழு இயக்க வீடியோவுக்கு 80:1-உம் கேட்டது. 12:1-இல் பாடல் வரி தெரியும், முகத்தின் நிழல் பக்கம் தெரியாது.

புது ப்ரொஜெக்டர் வாங்கும் பேச்சு உடனே எழுந்தது. இரண்டு மடங்கு லூமென் வாங்கினாலும் விகிதம் 23:1-தான். மேடைக்கு மேலே, திரைமேல் நேராக விழும் விளக்கு வரிசையைத் தனி ஸ்விட்சுக்குப் பிரித்து வீடியோ நேரத்தில் அணைத்தபோது திரைமேல் 8 லக்ஸ்தான். விகிதம் 70:1-ஐ எட்டியது. அரங்கின் மற்ற விளக்குகள் எரிந்தபடியே இருந்தன, யாரும் இருட்டில் உட்காரவில்லை.

எடிட்டிங்கிலும் ஒரு பங்கு இருந்தது. ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி உட்காரவைத்து எடுத்த பேட்டி. படத்தின் வெளிச்சத்தை அளந்து காட்டும் வேவ்ஃபார்ம் ஸ்கோப்பில் முகத்தின் ஒளிபட்ட பக்கம் 30 சதவீதத்தைத் தாண்டவில்லை. நடுத்தர ஒளியளவுகளை ஏற்றி அதை 50-க்குமேல் உயர்த்தி, முக்கியமான எதுவும் 20 சதவீதத்துக்குக் கீழே இராதபடி நிழல்களைத் தூக்கினார்கள். எடிட் அறையில் பார்க்கக் கொஞ்சம் வெளுத்தாற்போலத்தான் தெரியும். அரங்குக்கு அதுதான் சரி. இனிப் படமெடுக்கும்போது ஃபோனில் எச்டிஆர் வீடியோவை (ஒளி-இருள் வீச்சைக் கூட்டிப் பதியும் முறை) அணைத்துவிடுவதும் நல்லது. சாதாரண டைம்லைனில் அது வெளிறியோ வெடித்தோ வந்து, நிறத்தைச் சரிக்கவே அரைநாள் போகும். விளக்கு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் ஷட்டர் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் இடங்களில் 1/60 அல்லது 1/120. இல்லாவிட்டால் பட்டை பட்டையாய் மினுக்கல் ஓடும்.

எழுத்து

ஓர் எழுத்தின் உயரம், பார்க்கும் தூரத்தில் ஏறக்குறைய 170-இல் ஒரு பங்காவது இருந்தால் சிரமமின்றிப் படிக்கலாம். 24 மீட்டருக்கு 14 சென்டிமீட்டர். 2.25 மீட்டர் உயரத் திரையை 1080 பிக்சல் நிரப்பும்போது ஒரு பிக்சல் 2.08 மில்லிமீட்டர், ஆக 67 பிக்சல். இது எழுத்துரு அளவைக் குறிக்காது, 'ப' என்ற எழுத்தின் உடல் உயரத்தைக் குறிக்கும். தமிழில் மேலே 'கீ'யின் சுழியும் கீழே 'கூ'வின் வாலும் இடம் கேட்பதால், 'ப' 67 பிக்சல் வர எழுத்துரு அளவைப் பல மென்பொருள்களில் 110-க்குமேல் ஏற்ற வேண்டியிருக்கும். முதல் பதிப்பில் 'ப' 34 பிக்சல் இருந்தது. வரி இடைவெளி 1.4 மடங்குக்குக் குறைந்தால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் சுழியும் முட்டும். இரண்டு வரிக்குமேல் போட இடமிருக்காது, போடவும் வேண்டாம்.

எழுத்தை வைக்கும் இடத்தை எடிட்டர் மேசையிலிருந்தே முடிவு செய்ய முடியாது. முன்னால் மக்கள் எழுந்து நிற்கும்போது பின்னாலிருந்து திரையின் எந்த உயரம்வரை மறைகிறது என்று பார்த்து வர வேண்டும். இங்கே கீழ் 22 சதவீதம் மறைந்தது. எல்லா எழுத்தும் அதற்குமேல் ஏற்றப்பட்டது.

எடிட்டிங் மென்பொருளில் தமிழ் எழுத்து உடைவது தனி வேதனை. 'கொடுத்தார்' என்பதில் கொம்பு தவறான பக்கம் விழுந்தால் மென்பொருளின் எழுத்து இயந்திரம் தமிழுக்கு அமையவில்லை என்று பொருள். அடோபி பிரீமியரின் விருப்பத்தேர்வுகளில் தெற்காசிய, மத்தியகிழக்கு எழுத்து இயந்திரத்தைத் தேர்ந்தால் சரியாகும். பழைய பாடல் கோப்புகள் பாமினி போன்ற யூனிகோடுக்கு முந்திய குறிமுறையில் இருந்தால், வேறு கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அவற்றை ஒருமுறை யூனிகோடுக்கு மாற்றி வைத்துவிடுவதே நிம்மதி. 'கொடுத்தார், வெளிச்சம், ஸ்தோத்திரம்' என மூன்று சொல்லைத் தட்டிப் பார்த்தால் முக்கால்வாசிப் பிழை அங்கேயே அகப்படும்.

முதலும் முடிவும்

கோப்பின் தலையில் 2 வினாடிக் கறுப்பு, கடைசியில் 10 வினாடிக் கறுப்பு. ஓட்டுபவர் பொத்தானை அழுத்தப் பிந்தினாலும் டெஸ்க்டாப் எட்டிப் பார்க்காது. லேப்டாப்பில் இரண்டாவது திரையை நகலாக வைக்காமல் நீட்சியாக வைத்து, அதன் பின்புலத்தையும் முழுக் கறுப்பாக்கினார்கள். அறிவிப்புகள், தூக்க நிலை, தானாக நடக்கும் அப்டேட் எல்லாம் நிறுத்தம். எச்டிஎம்ஐ கேபிளைச் செருகியவுடன் கணினி ஒலியையும் ப்ரொஜெக்டருக்குத் திருப்பிவிடும் வழக்கம் உண்டு, ஒவ்வொரு முறையும் ஒலி வெளியேறும் வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எக்ஸ்போர்ட் 1080 வரி, எச்.264, வினாடிக்கு 20 மெகாபிட், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். பென் டிரைவிலிருந்து ஓட்டாமல் லேப்டாப்பின் உள்வட்டுக்கு நகலெடுத்துத்தான் ஓட்டுவார்கள்.

வெட்டியதில் ஒரு மாற்றம்

இத்தனையும் சரிசெய்தபின் அரங்கில் உட்கார்ந்து முழு வீடியோவைப் பார்த்தபோது இன்னொன்று உறுத்தியது, எந்த அளவுகோலிலும் சிக்காத ஒன்று. சகோதரி மருத்துவமனை நாட்களைச் சொல்லிக் குரல் தழுதழுத்து நிற்கும் இடத்தில் இசை பொங்கி எழுந்து அந்த மௌனத்தை நிரப்பியது. மூலப் பதிவில் அந்த மௌனம் 6 வினாடி. எடிட்டர் அதை ஒன்றரை வினாடியாக வெட்டியிருந்தார். ஆராதனையில் கூடியிருப்பவர்கள் அழவைக்கப்பட வேண்டிய ரசிகர்கள் அல்ல, ஒருவருடைய சாட்சியைக் கேட்கும் சகோதர சகோதரிகள். அந்த 6 வினாடியும் திரும்பச் சேர்க்கப்பட்டது. இசை அதற்கு 8 வினாடி முன்பே மெல்ல இறங்கி நின்றுவிடும். அரங்கின் முழக்கம் அடங்கி, உண்மையிலேயே சத்தமில்லாமல் ஆக அந்த அவகாசம் தேவை. பதிலுக்குத் தொடக்கத்தில் இருந்த 40 வினாடி அறிமுகக் காட்சிகள் நீக்கப்பட்டன. போதகரே இரண்டு வாக்கியத்தில் அவரை அறிமுகம் செய்தால் போதும். வீடியோ 3 நிமிடம் 5 வினாடியில் முடிந்தது.

வெட்டி ஒட்டியதில் அவர் சொன்னதன் பொருள் மாறியிருக்கிறதா என்று பார்க்க, திரையிடும் முன் சகோதரியிடமே காட்டினார்கள். முதல் பதிப்பில் இது நடக்கவில்லை. அவர் ஓர் இடத்தைத் திருத்தச் சொன்னார். "மருந்தை விட்டுவிட்டேன்" என்று அவர் சொன்னதற்கு அடுத்து "மருத்துவர் சொன்ன பிறகு" என்று வந்திருந்ததை வெட்டு தின்றிருந்தது. நோயுற்ற யாரோ ஒருவர் அந்த அரைவாக்கியத்தைக் கேட்டு மருந்தை நிறுத்தியிருக்கலாம். இந்த ஆய்வில் கண்ட பிழைகளில் மிகக் கனமானது இதுதான், எந்தச் சோதனைக் கோப்பும் இதைக் கண்டுபிடித்திருக்காது.

மூன்று வாரம் கழித்து வீடியோ இரண்டு ஆராதனைகளிலும் மீண்டும் ஓடியது. கடைசி வரிசையில் நின்று கேட்ட இருவர் சொல்சொல்லாகப் புரிந்தது என்றனர்.

இணையத்துக்கு இதே கோப்பு ஆகாது. அங்கே குரல் மைனஸ் 14-இல், இசை கொஞ்சம் மேலே, நிழல் கொஞ்சம் ஆழமாக, எழுத்து சிறியதாக எனத் தனி எக்ஸ்போர்ட் வேண்டும். பின்னணி இசைக்கும் தனி அனுமதி வேண்டும். ஆராதனையில் ஒரு பாடலைப் பாட, அதன் வரிகளைத் திரையில் காட்ட, அதை வீடியோவோடு இணைக்க, நேரலையில் அனுப்ப என்று உரிமைகள் வெவ்வேறு, ஒன்றுக்குப் பெற்றது மற்றதற்குச் செல்லாது. ஆனால் இந்த வீடியோவுக்கு அந்த எக்ஸ்போர்ட் செய்யப்படவே இல்லை. சபையார் முன் காட்டலாம், இணையத்தில் வேண்டாம் என்றார் சகோதரி. நேரலை ஓடும் கணினியில் அந்த 3 நிமிடம் 5 வினாடிக்கு வேத வசனம் எழுதிய நிலைப்படம் ஒன்று போடப்பட்டு, மிக்ஸரில் நேரலைக்குப் போகும் தடத்திலிருந்து வீடியோ சேனல் மட்டும் விலக்கப்பட்டது.